அப்டேட்டுக்குப் பிறகு ரேஞ்ச் குறைந்த மின்கார்: நீலகிரிக்காரர்கள் எப்படி நிரூபிப்பது, சட்டப்படி என்ன கேட்பது?

கோத்தகிரி மின்பயணி:

மழைக்காலம் முடிந்த கையோடு என் காருக்கு ஒரு அப்டேட் வந்தது. திரையில் "செயல்திறன் மேம்பாடு, சிறு பிழைத்திருத்தங்கள்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஒப்புதல் கொடுத்தேன், ராத்திரியே ஏறிவிட்டது. அதுவரை முழு சார்ஜில் 240 கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்த வண்டி அன்றிலிருந்து 214-ஐத் தாண்டவில்லை. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி வீடு வந்து சேர 33, 34 சதவீதம் செலவாகும். இப்போது 38.

கேட்பவர்களுக்குச் சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். கோவையில் வேலையை முடித்துக்கொண்டு அப்படியே திருப்பூர் போய், அன்னூர் வழியாகத் திரும்பி, எங்கும் சார்ஜ் போடாமல் மலையேறிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த 30 யூனிட் பேட்டரி உள்ள மாடலை வாங்கினேன். இப்போது மேட்டுப்பாளையத்தில் நின்றே ஆக வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு சார்ஜர் முன்னால் காத்துக் கிடந்து, அதற்கப்புறம் பனிமூட்டத்தில் மலையேற வேண்டியிருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் சொன்ன பதில்: "மலையில ஓட்டுறீங்க சார், குளிர் வேற. ரேஞ்ச் குறையத்தான் செய்யும்." வாங்கிய நாளிலிருந்து மலையில்தான் ஓட்டுகிறேன். போன வருஷக் குளிரிலும் இதே வண்டிதான், இதே ரோடுதான்.

நோட்டீஸ் அனுப்பும் எண்ணம் இருப்பதால் கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. இது அப்டேட்டால் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? நிரூபித்தால் சட்டத்தில் என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரவேணு:

அண்ணா, எனக்கும் அதே வண்டி, அதே அப்டேட். அதே பதிலைத்தான் எனக்கும் சொன்னார்கள், ஒரு வார்த்தை மாறவில்லை.

செல் மேஸ்திரி, கோவை:

பேட்டரி பேக் பிரித்துப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நிரூபிப்பது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரேஞ்ச் குறைந்துவிட்டது என்று வருகிற வண்டிகளில் சிலவற்றில் திரையில் காட்டும் எண் மட்டும்தான் மாறியிருக்கும். கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் உத்தேசக் கணக்கு அது. கணக்குப் போடும் முறையை அப்டேட்டில் மாற்றினால் எண் மாறும், பேட்டரிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் உள்ள வண்டிகளில் இது சகஜம். சார்ஜ் பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் அந்த செல்லின் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில், பேட்டரியைக் கண்காணிக்கும் கருவியான பி.எம்.எஸ். தடுமாறும். அவ்வப்போது 100 வரை ஏற்றினால் சரியாகிவிடும். இதை வைத்து வழக்குப் போட்டால் நிற்காது.

செல்லுக்கு வயதாகிக் கொள்ளளவு குறைவது வேறு விஷயம். அது மெல்ல மெல்லத்தான் நடக்கும், ஒரு ராத்திரியில் நடக்காது.

உங்களுக்கு நடந்திருப்பது மூன்றாவது ரகம் என்று நினைக்கிறேன். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) செல் நிறையும்போது 4.2 வோல்ட் இருக்கும். மென்பொருளில் அந்த உச்சவரம்பை 4.1 என்று இறக்கினால் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். திரையில் 100 என்றுதான் காட்டும், ஆனால் பழைய 90-க்குப் பக்கத்தில் சார்ஜ் நின்றிருக்கும்.

வீட்டு சார்ஜருக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? 10 சதவீதத்திலிருந்து 100 வரை எத்தனை யூனிட் ஏறுகிறது என்று பாருங்கள். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும்தான். அந்த இழப்பு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால் ஒப்பிடலாம். பழைய யூனிட் கணக்கு ஏதாவது நோட்டிலோ செயலியிலோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் மலை. சர்வீஸ் சென்டர்காரர்கள் மலையை உங்களுக்கு எதிராகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது உங்கள் தரப்புச் சாட்சி. சமவெளியில் ஒருவர் புகார் சொன்னால், வேகமாக ஓட்டியிருப்பார், ஏ.சி. போட்டிருப்பார், எதிர்க்காற்று என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழிக்கலாம். மலையேற்றத்தில் செலவின் பெரும்பகுதி உயரத்துக்குப் போகிறது. உயரம் யாருக்காகவும் மாறாது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790. ஆட்களோடு சேர்த்து 1,550 கிலோ எடையை 1,450 மீட்டர் தூக்க 6.1 யூனிட் வேண்டும். மோட்டார் இழப்பைச் சேர்த்தால் 7-க்குப் பக்கம். 33 கிலோமீட்டர் உருள்வதற்கு இன்னொரு 3 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10. முப்பதில் பத்து என்றால் 33 சதவீதம், உங்கள் பழைய எண் அப்படியே வருகிறது. அதே 10 யூனிட் இப்போது 38 சதவீதம் ஆகிறது என்றால், அந்த பேட்டரியிலிருந்து உங்கள் கைக்கு வருவது 26, 27 யூனிட்தான். ஊட்டி வரை ஏறுகிறவர்களுக்கு ஏற்றம் 1,900 மீட்டர், இன்னும் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. முழு சார்ஜோடு வீட்டிலிருந்து இறங்கும்போது முதல் வளைவுகளில் ரீஜென், அதாவது வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது, எப்படி இருக்கிறது என்று கவனித்தீர்களா?

மசினகுடி ரோடு:

மேஸ்திரி சார், கடைசியில் கேட்டீர்களே, அது எனக்குப் பொறி தட்டியது. கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவன் நான். முழு சார்ஜ் இருந்தால் தலைகுந்தா தாண்டி இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் ரீஜென் பிடிக்காது, பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும், கீழே போவதற்குள் பிரேக் வாடை வந்துவிடும். அதனால் எப்போதும் 85-இல் சார்ஜை நிறுத்திவிடுவேன். இந்த அப்டேட்டுக்குப் பிறகு ஒரு தடவை ஞாபகமில்லாமல் 100 வரை ஏறிவிட்டது. பயந்துகொண்டே இறங்கினால், முதல் வளைவிலேயே ரீஜென் முழு பலத்தோடு பிடிக்கிறது. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

செல் மேஸ்திரி, கோவை:

அதுதான் அடையாளம். நிரம்பிய செல்லுக்குள் மேலும் மின்சாரத்தைத் தள்ள முடியாது, அதனால்தான் முன்பு ரீஜென் நின்றது. 100 காட்டும்போதே முழு ரீஜென் கிடைக்கிறது என்றால் மேலே இடம் காலியாக இருக்கிறது.

செவர்லே போல்ட் காரில் மேட்டில் குடியிருப்பவர்களுக்கென்றே 'ஹில்டாப் ரிசர்வ்' என்று ஒரு வசதி கொடுத்திருந்தார்கள். இறக்கத்தில் ரீஜெனுக்கு இடம் விட்டு, சார்ஜை முன்கூட்டியே நிறுத்தும். வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். இங்கே உங்களைக் கேட்காமல் போட்டுவிட்டு, எடுக்க வழியில்லாமல் செய்திருக்கிறார்கள்.

வீடியோ எடுங்கள். திரையில் 100, மென்பொருள் பதிப்பு எண், உடனே இறக்கம், ரீஜென் அளவு, எல்லாம் ஒரே ஓட்டத்தில், நடுவில் வெட்டாமல். ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம், பக்கத்து சீட்டில் இருப்பவர் எடுக்கட்டும்.

மஞ்சூர்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். செல்லில் ஏதோ கோளாறு தெரிந்து, தீப்பிடிக்காமல் இருக்க வரம்பை இறக்கியிருக்கலாம். அப்படியென்றால் அவர்கள் செய்தது சரி. 26 கிலோமீட்டர் குறைகிறதே என்று எரியக்கூடிய வண்டியில் பேரப்பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனசு வராது. பாதுகாப்புக்காகச் செய்ததற்குக் கோர்ட்டுக்கு இழுத்தால், நாளைக்கு எந்தக் கம்பெனியும் சரிசெய்ய முன்வராது.

கோத்தகிரி மின்பயணி:

மஞ்சூர் ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தீ அபாயம் இருந்தால் அதை முதலில் என்னிடம்தானே சொல்ல வேண்டும்? வண்டி நிற்பது என் வீட்டுத் திண்ணையை ஒட்டி. சார்ஜ் போட்டுவிட்டு நாங்கள் உள்ளே தூங்குகிறோம்.

மேஸ்திரி சார், மீட்டர் கணக்கு கிடைத்துவிட்டது. சார்ஜர் போட்ட எலக்ட்ரீஷியன் தனி மீட்டர் வைத்திருந்தார், என் மனைவி கரண்ட் கணக்கு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கிற பழக்கம். முன்பு 10-லிருந்து 100 வரை 30 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஏறியிருக்கிறது. இப்போது 27 தாண்டுவதே இல்லை.

குன்னூர் வழக்கறிஞர்:

அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் சார். பின்னால் தயாரித்த பட்டியலைவிட, வழக்கு நினைப்பே இல்லாத காலத்தில் கையால் எழுதிய நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

மஞ்சூர் ஐயா எழுப்பிய கேள்வியை வெளிநாடுகளில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். 2019-இல் ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் டெஸ்லா கார்கள் தீப்பிடித்த பிறகு, மே மாதத்தில் மாடல் எஸ், எக்ஸ் கார்களுக்கு ஓர் அப்டேட் வந்தது. சில பழைய மாடல் எஸ் கார்களில் பேட்டரி மின்னழுத்தத்தை சுமார் 10 சதவீதம் இறக்கியது, மூன்று மாதம் கழித்து அதை 7 சதவீதமாக்கியது. 2020 மார்ச்சில் வந்த அப்டேட்தான் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தது. கலிபோர்னியாவில் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு 2021-இல் 15 லட்சம் டாலருக்குச் சமரசமானது. 1,743 கார்கள், ஒவ்வொன்றுக்கும் 625 டாலர், அன்றைக்கு ஏறத்தாழ 46,000 ரூபாய். நார்வேயில் அதே ஆண்டு ஒரு சமரச மன்றம் தலைக்கு 1,36,000 குரோனர் கொடுக்கச் சொன்னது. அது டெஸ்லா தரப்பு பதிலே சொல்லாததால் வந்த முதல்கட்ட முடிவு, அதை அப்படியே இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

மேஸ்திரி சார் சொன்ன போல்ட் காரில் தீ அபாயம் உண்மையாகவே இருந்தது, கம்பெனியும் வெளிப்படையாகத் திரும்ப அழைத்தது. அப்படியும், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுக்கொண்டவர்களுக்கு 2024 சமரசத்தில் குறைந்தது 1,400 டாலர் என்று ஒதுக்கினார்கள். பாதுகாப்புக்காகச் செய்தாலும் உரிமையாளர் இழந்ததற்கு ஈடு உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம். மென்பொருளால் மட்டும் பிரச்சினை தீராது என்பதற்கு ஹூண்டாய் கோனா. 2020-இல் பி.எம்.எஸ். அப்டேட் போட்டார்கள், இந்தியாவிலும் 456 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அப்டேட் போட்ட ஒரு வண்டி 2021 ஜனவரியில் கொரியாவில் தீப்பிடித்தது. அதற்கப்புறம்தான் கோனா உட்பட உலகம் முழுக்க சுமார் 82,000 வண்டிகளுக்கு பேட்டரியையே மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. ஆகவே ஐயா, "ஏன் இறக்கினீர்கள்" என்று கேட்பது பாதுகாப்புக்கு எதிரானது அல்ல.

இனி நம் சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் 'சேவைக் குறைபாடு' என்பதற்கான விளக்கத்திலேயே, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். பிரிவு 2(11). உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான். "செயல்திறன் மேம்பாடு" என்று எழுதிவிட்டுக் கொள்ளளவைக் குறைத்தது தகவல் மறைப்பு. பொருளின் அளவும் தரமும் சொன்னபடி இல்லை என்பது 2(10)-இன்படி பொருளின் குறைபாடு. இரண்டையும் சேர்த்தே எழுதலாம்.

விளம்பரத்தில் போட்ட ரேஞ்ச் கிடைக்கவில்லை என்று வழக்குப் போடாதீர்கள். 2021-இல் டெல்லி அரசு அப்படி ஒரு புகாரை வைத்து டாடா நெக்சான் மின்காருக்கு மானியத்தை நிறுத்தியது, கம்பெனி உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சான்றிதழ் ரேஞ்ச் ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட சோதனை முறையில் எடுத்த எண் என்று சொல்லி அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். உங்கள் வண்டியை உங்கள் வண்டியோடேயே ஒப்பிடுங்கள், அப்டேட்டுக்கு முன், அப்டேட்டுக்குப் பின். அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

திரையில் ஒப்புக்கொண்டீர்களே என்பார்கள். என்ன என்று சொல்லாமல் வாங்கிய ஒப்புதல் என்பது நம் பதில். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதாடப் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் போகாமல் சேவைக் குறைபாட்டில் நின்றுகொள்வது நல்லது.

கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அதாவது ஊட்டி. காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு 2 வருடம். வண்டி வாங்கிய தேதியிலிருந்து அல்ல, உங்களுக்குப் பாதிப்பு ஏற்பட்ட அந்த அப்டேட் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. அதனால் அப்டேட் தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அச்செடுத்து வையுங்கள். வீடியோ, படங்கள் எல்லாவற்றுக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி ஒரு சான்று இணைத்துவிடுங்கள், பின்னால் ஆட்சேபம் வராது.

அவர்களுக்கு நோட்டீஸ் கிடைத்த பிறகு பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு மொத்தமும் மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் இழுக்கும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வண்டியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியும் ஆணையத்திடம் மனு கொடுக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அரவேணு:

மேடம், ஐ.டி. சட்டம் 43-இல், கம்ப்யூட்டரில் இருப்பதை அனுமதியில்லாமல் மாற்றி அதன் பயனைக் குறைத்தால் இழப்பீடு உண்டு என்று படித்தேன். காரும் இப்போது கம்ப்யூட்டர்தானே?

குன்னூர் வழக்கறிஞர்:

வாதம் செய்யலாம் தம்பி. ஆனால் அந்தப் பிரிவே "உரிமையாளரின் அனுமதியில்லாமல்" என்றுதான் தொடங்குகிறது. ஒப்புதல் பொத்தானை அழுத்தியதைக் காட்டி அங்கேயே மடக்குவார்கள். மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் முன்னால் போய் நிற்க வேண்டும், ஊட்டியில் முடிகிற காரியம் அல்ல. நுகர்வோர் ஆணையமே போதும்.

கூடலூர் டாக்சி:

என்னுடையது மஞ்சள் போர்டு. நானே ஓட்டுகிறேன், டிரைவர் வைக்கவில்லை. வாடகை வண்டி என்றால் நுகர்வோர் இல்லை என்று டீலர் சொல்கிறார். எனக்கு ரேஞ்ச் குறைந்தால் ஒரு சவாரியே போகிறது. கோவை ஏர்போர்ட் போய் வர நடுவில் சார்ஜ் போட நின்றால் அடுத்த ஆளைக் கூட்டிப் போக முடியாது.

குன்னூர் வழக்கறிஞர்:

டீலர் சொல்வது தவறு. சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான், சட்டத்திலேயே இருக்கிறது. இதை விளக்கிச் சொன்ன 1995 உச்சநீதிமன்றத் தீர்ப்பு நம் கோவை பி.எஸ்.ஜி. சம்பந்தப்பட்டது, லட்சுமி இன்ஜினியரிங் வழக்கு. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரை அதில் உதாரணமாகவே காட்டியிருக்கிறார்கள். நீங்களே ஓட்டுகிறீர்கள், வேறு வருமானம் இல்லை என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். உங்கள் இழப்பு மற்றவர்களைவிடப் பெரியது, சவாரிக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

மசினகுடி ரோடு:

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாமா?

குன்னூர் வழக்கறிஞர்:

கொடுக்கலாம். ஊர் உலகத்தில் இந்த வண்டி வைத்திருக்கும் எல்லாருக்காகவும் என்று போட்டால் 35(1)(சி) பிரிவில் ஆணையத்தின் அனுமதி வேண்டும், எல்லாருடைய நலனும் ஒன்று என்று காட்ட வேண்டும். நாலைந்து பேர் தங்களுக்காக மட்டும் கூட்டாகப் புகார் கொடுப்பது வேறு, அது முடியும் என்று 2021-இல் பிரிகேட் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரே மாடல், ஒரே பதிப்பு அப்டேட் என்று இருந்தால்தான் கூட்டாகப் போடுங்கள்.

அதோடு எல்லாரும் தனித்தனியாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துத் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யுங்கள். 2024-இல் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதே அந்த உதவி எண்ணில் 10,000-க்கு மேல் புகார் குவிந்த பிறகுதான்.

வண்டியையே திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணம் தா என்று கேட்டால் ஆணையம் யோசிக்கும். பழைய கொள்ளளவைத் திருப்பிக் கொடு, முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து பேட்டரியை மாற்று, குறைந்திருந்த காலத்துக்கு இழப்பீடு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாக. இவ்வளவு கேட்டால் நியாயமாக இருக்கும்.

மஞ்சூர்:

எழுத்தில் காரணம் கேட்பது எனக்கும் சரியாகவே படுகிறது. தீ அபாயம் என்று பதில் வந்தால் இங்கே உடனே போடுங்கள். என் மருமகனும் அதே வண்டிதான் வைத்திருக்கிறார்.

கோத்தகிரி மின்பயணி:

கட்டாயம் போடுகிறேன் ஐயா. இன்று காலை இன்னொரு அப்டேட் திரையில் வந்து நிற்கிறது. மறுபடியும் "மேம்பாடு" என்று மட்டும்தான். போடலாமா, நிறுத்தி வைக்கலாமா?

செல் மேஸ்திரி, கோவை:

போடுவதற்கு முன்னால் ஒரு முறை 10-லிருந்து 100 வரை ஏற்றி யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், பதிப்பு எண்ணைப் படம் எடுங்கள். டெஸ்லாவில் நடந்த மாதிரி குறைத்ததைத் திருப்பிக் கொடுக்கிற அப்டேட்டாகவும் இருக்கலாம். இப்போதைய அளவு கையில் இல்லாவிட்டால் முன்பு குறைந்திருந்ததையே பிறகு காட்ட முடியாமல் போய்விடும்.

குன்னூர் வழக்கறிஞர்:

அளவெடுத்த கையோடு கம்பெனிக்கும் டீலருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பாதுகாப்புக்கான அப்டேட் என்று அவர்கள் எழுத்தில் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், வாரண்டியில் அதைக் காரணம் காட்டுவார்கள். ரேஞ்ச் திரும்பி வந்தாலும் குறைந்திருந்த மாதங்களுக்கான கோரிக்கை போகாது. அமெரிக்காவில் அந்த 625 டாலர் கிடைத்தபோது பெரும்பாலான கார்களில் மின்னழுத்தம் ஏற்கெனவே திரும்பியிருந்தது.

அரவேணு:

மின்னஞ்சலில் என்ன எழுதுவது என்று போடுங்கள் மேடம், நாங்களும் அதையே அனுப்புகிறோம்.

குன்னூர் வழக்கறிஞர்:

"என் வாகனத்தில் (பதிவு எண், சேசிஸ் எண்) இந்தத் தேதியில் ஏற்றப்பட்ட இந்தப் பதிப்பு மென்பொருளுக்குப் பிறகு பேட்டரியின் பயன்படும் கொள்ளளவு குறைந்துள்ளது. அளவீடுகளை இணைத்துள்ளேன். அந்தப் பதிப்பு பேட்டரியின் மேல் மின்னழுத்த வரம்பையோ பயன்படும் கொள்ளளவையோ மாற்றியதா, மாற்றியிருந்தால் காரணம் என்ன, பேட்டரியில் பாதுகாப்புக் குறைபாடு ஏதும் கண்டறியப்பட்டுள்ளதா, இப்போது அனுப்பியுள்ள புதிய பதிப்பு அந்த வரம்பை மாற்றுகிறதா என்பதை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். என் வாகன பேட்டரியின் தற்போதைய ஆரோக்கிய அறிக்கையையும், அப்டேட்டுக்கு முன் பதிவான அறிக்கையையும் அனுப்பவும். அதுவரை என் வாகனத்தின் பதிவுத் தரவுகள் எதையும் அழிக்க வேண்டாம்."